ராஜாவாக இருந்தால் பரவாயில்லை

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில், பழைய ஆங்கில உரைநடைக் கதைகளில் வரும் அடிமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். படித்துப் படித்துச் சலித்துவிட்டது. எல்லாம் ஒரே தினுசு. கப்பல் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விற்பார்கள். கதாசிரியர் கண் கலங்குவது ஒருவனுக்காக மட்டும். அவன் இளவரசனாக இருப்பான். மற்றவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஏன், அவர்களுக்கெல்லாம் வலிக்காதா என்று எரிச்சல் வரும்.

குடியிருந்தது ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டு மாடி அறையில். அலுவலகங்களைச் சுத்தம் செய்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். வந்ததும் எனக்கும் சேர்த்துப் புட்டு அவிப்பார். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு, அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பேச உறவினர்கள் வந்தார்கள். தேநீர் கொடுத்த என்னிடம் ஒரு பெரியம்மா, "நீங்கள் ஊரில என்ன ஆக்கள், பிள்ளை?" என்றார். என்ன சாதி என்பதை நாசூக்காகக் கேட்கும் முறை அது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "தஞ்சாவூர்ப் பக்கம். வயல் காணியெல்லாம் இருக்கு. பெரிய இடத்துப் பிள்ளை."

வயலைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். யாருடைய வயல் என்று அக்கா கேட்டதில்லை. அன்றைக்கு மழுப்பத் தெம்பில்லை.

"எங்க வயல் இல்லக்கா. தாத்தா அங்க பண்ணையாள். பரம்பரையா அடிமை வேலை."

வந்தவர்கள் தேநீரைத் தொடவில்லை. ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

"ஏன் பிள்ளை அவைக்கு முன்னால சொன்னனீர்?" அக்காவின் குரல் கெஞ்சியது. "முந்தின தலைமுறையில ஆரும் ராசாவா இருந்திருப்பினம். பிறகு நொடிஞ்சு போயிருக்கலாம். வீட்டில ஒருக்காக் கேட்டுப் பாருமன். உம்மைப் பாத்தாலே தெரியுது. நான் அவைக்கு அப்பிடியே சொல்லிவிடுறன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வருடக்கணக்கில் எந்தக் கதாசிரியர்களோடு மல்லுக்கட்டினேனோ, அவர்கள் செய்ததையே அக்காவும் செய்தார். என்மேல் இரக்கப்பட அவருக்கு ஒரு ராஜா வேண்டியிருந்தது. தலையாட்டியிருந்தால் அறை மிஞ்சியிருக்கும்.

"ஒருத்தரும் ராஜா இல்லக்கா. எல்லாரும் நாத்து நட்டவங்கதான்."

அக்கா அழுதார். நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதார்.

"எனக்கு உம்மில சரியான விருப்பம், பிள்ளை. ஆனா மகளின்ர கலியாணம் குழம்பிப் போகும். இந்த மாசத்தோட அறையை விட்டுத் தாரும்."

அழுதுகொண்டே வெளியே போகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? "சரிக்கா" என்றேன்.