பார்க்காத பிள்ளை பார்த்தவை

ஆயாக் கொட்டகையில் வேலை செய்பவளுக்கு முதுகிலும் கண் வேண்டும். எனக்கு முகத்தில் இருந்ததே சரியாக வேலை செய்யவில்லை. எழுபதுகளில், மலேசியாவின் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டப் போகும் தாய்மார்களின் இருபது பிள்ளைகளை நானும் மாரியக்காவும் பார்த்துக்கொண்டோம். ஊரார் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

பால் வெட்டும் லெட்சுமியின் மகள் சாந்திக்கு ஐந்து வயது. பேச மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆட்டிசம் என்ற சொல் அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. எதையும் கவனிக்காத பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டோம்.

கொண்டி

கொட்டகைக் கதவை முழங்காலால் முட்டி, கொண்டியைத் தூக்கி, இடப்பக்கம் இழுத்தால்தான் திறக்கும். மாரியக்காவுக்கே அது பழக ஒரு வாரம் ஆனது. ஒரு காலை, சாந்தி சுவரைப் பார்த்தபடியே போய் முட்டி, தூக்கி, இழுத்து, லாரி வரும் பாதையில் இறங்கிவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்துத் தூக்கி வந்தேன். மாரியக்கா சொன்னார்: “யாரு சொல்லிக் கொடுத்தா இதுக்கு? நம்மள ஒரு நாளும் பார்த்ததே இல்ல லா.”

நாடி

செய்தி மேலே போனது. தோட்டத்து மருந்தகத்திலிருந்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வந்தார். அவர் வேண்டாமென்று எழுதினால் சாந்திக்குக் கொட்டகையில் இடமில்லை, லெட்சுமிக்கு வேலையும் இல்லை. கை தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தரையையே பார்த்திருந்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு நாடி பார்க்கத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் சாந்தி ஒரு கைக்குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரம் இல்லாத தன் இடது கையை உற்றுப் பார்த்து, உதட்டை மடித்துத் தலையாட்டினாள்.

டிரெசர் பேனாவை மூடினார். “நான் உதட்ட மடிக்கிறேன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது. ஒரு மாசம் இருக்கட்டும், பார்ப்போம்.”

பத்து மணிப் பால்

பால் ஊற்றுவது என் வேலை. சாந்தியின் கோப்பையை மட்டும் கவிழ்த்து வைத்துவிடுவேன். இரண்டு முறை கொட்டினாள், பாய் நாறியது. இவளுக்குத் தேவையில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன்.

லெட்சுமி சீக்கிரம் வந்த ஒரு நாள், அழுத குழந்தையைத் தூக்க நான் எழுந்தேன். சாந்தி கரண்டியை எடுத்தாள். வரிசையாக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றிக்கொண்டு வந்தாள். தன் இடம் வந்ததும் தன் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனாள்.

என்னால் வெட்கத்தில் நிமிர முடியவில்லை. வாசலில் நின்ற லெட்சுமி என்னைத் திட்டவில்லை. “அக்கா, அவ அப்படியே உங்கள மாதிரியே செய்யுறா.”

மறுநாளிலிருந்து அவள் கோப்பையைத்தான் முதலில் நிரப்பினேன். நான்காம் நாள் அவளே அதை முதலில் நிரப்பினாள். மாதக் கடைசியில் வந்து அதைப் பார்த்த டிரெசர், பிள்ளை இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கொட்டகையில் எதையும் பார்க்காமல் இருந்தவள் ஒருத்திதான், அவளுக்குத் தோட்டம் மாதாமாதம் சம்பளம் கொடுத்தது.