ஸேன் நதியில் விழாத சாவி

என் சித்தப்பாவுக்கு உத்தியோகம் தாம்பரத்தில், மனசு மட்டும் பிரான்ஸில். அந்த வருஷம் காலனி மாதர் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவர் எழுதிக்கொடுத்த நாடகம் ஒரு பிரெஞ்சுப் பிரபு வீட்டுச் சண்டை. மாளிகைச் சாவிக்காக இரண்டு ஓரகத்திகளுக்குள் போட்டி, சதி, ஒட்டுக்கேட்டல், எல்லாம் உண்டு. கடைசிக் காட்சியில் மூத்தவள், தனக்கில்லாதது இளையவளுக்கும் வேண்டாமென்று சாவிக்கொத்தை ஜன்னல் வழியாக ஸேன் நதியில் எறிந்துவிடுவாள்.

மூத்தவளாக என் அம்மா, இளையவளாகச் சித்தி. பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் சாவி அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காது. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும், காப்பிப்பொடிக்குக்கூடச் சித்தி அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, சித்தியும் சித்தப்பாவும் ஊரப்பாக்கத்தில் வீடு பார்த்துவிட்டார்கள். பொங்கல் கழிந்ததும் தனிக்குடித்தனம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. நதியும் நான்தான். சாவி ஜன்னலைத் தாண்டியதும் அண்டாத் தண்ணீரில் கல்லைப் போட வேண்டும். நாடகத்துக்கென்று தனிச் சாவி எதற்கு என்று அம்மா வீட்டுச் சாவிக்கொத்தையே கொண்டுவந்திருந்தாள்.

அம்மா ஜன்னல்வரை வந்து கையை ஓங்கினாள். பிறகு திரும்பிப் போய், சித்தியின் கையில் சாவிக்கொத்தை வைத்து மூடினாள்.

"இதை நீயே வைத்துக்கொள். மாளிகையை விட்டுப் போகாதே."

சித்தப்பா அப்படி எழுதவே இல்லை.

"எறிம்மா, எறி" என்று அடிக்குரலில் கெஞ்சிப் பார்த்தேன். பதற்றத்தில் கல்லைப் போட்டுவிட்டேன். தொபுக்கென்ற சத்தத்துக்குக் காலனியே சிரித்தது. சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்வரிசையில் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

எனக்கு மானமே போயிற்று. வீடு வரும்வரை பொருமித் தீர்த்தேன்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்ல? அப்பவும் மறந்துட்டியேம்மா."

"ஆமாண்டி, மறந்துபோச்சு. வயசாகுதில்ல."

அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகியிருக்காது.

மறுநாள் காலையில் சித்தி ஸ்டோர் ரூமைத் திறந்து காப்பி போட்டாள். ஊரப்பாக்கம் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை. அடுத்த வருஷ நாடகத்துக்கு ஆள் சேர்த்தபோது, அம்மா வேண்டாம், வசனத்தை மறந்துவிடுவாள் என்று முதலில் சொன்னவள் நான்தான்.