சர்க்கரைக்கு வைத்த பூட்டு

அணுக்கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, அந்தக் கண்ணாடிக்குள்ளேயே சிறைவைக்கும் வேலைக்கு ஒத்திகை பார்க்கும் கூடம் எங்களுடையது. எங்கள் உலையில் கதிர்வீச்சு கிடையாது. கழிவைப் போலத் தயாரித்த குழம்பும் கண்ணாடித் தூளும்தான். அந்த உலையைப் பதினொரு ஆண்டுகளாக ஓட்டுபவரை எல்லோரும் அக்கா என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளி. பதினொரு ஆண்டுகளும் ‘தற்காலிகம்’. நான் பொறியாளர். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பதால் எனக்கு ‘ஆதாரம் சார்’ என்று பெயர். அதைப் பாராட்டு என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

குழம்பில் சர்க்கரை சேர்ப்போம். குறைந்தால், உருகும்போது வாயு கிளம்பி நுரைக்கும். உருகிய கண்ணாடிக்கும் மேலே மிதக்கும் உருகாத சரக்குக்கும் நடுவே அந்த நுரை கம்பளி மாதிரி படுத்துக்கொள்ளும். கீழே இருக்கும் சூடு மேலே ஏறாது. இதைப் பற்றி நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆனால் மாதம் இரண்டு மூட்டை சர்க்கரை கூடுதலாகத் தீர்வதைக் கண்டதும் எனக்கு நுரை நினைவுக்கு வரவில்லை. தொழிலாளர்களின் தேநீர்தான் வந்தது. சமத்துவம் பற்றி மேடை மேடையாகப் பேசியவன், கிடங்குக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். ஆதாரம்? என்னிடம் யார் கேட்பது!

நான்காம் நாள் உருகும் வேகம் பாதியானது. “சூட்டை ஏத்துங்க” என்றேன்.

“ஏத்துனா இன்னும் பொங்கும் சார். நுரை சூட்டை மேல விடாது.”

“ஏத்துங்கக்கா, நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நுரை பொங்கி, குழம்பு வரும் குழாயை அடைத்து, உலை நின்றது. அன்றே அறிக்கை எழுதினேன்: ‘உலை ஓட்டியவரின் கவனக்குறைவு.’ அக்காவை வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு வரி போதும்.

மேலாளரின் விசாரணைக்கு அக்கா உலையின் தினசரிப் பதிவேட்டோடு வந்தார்.

“வாயால சொன்னா எழுதிக் குடுன்னு சொல்வீங்க. எழுதியிருக்கேன். நீங்களே படிங்க சார், தினம் கையெழுத்துப் போடறவரு நீங்கதானே?”

‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ‘புதுக் குழம்பில் வாயு கிளப்பும் நைட்ரேட் அதிகம். சின்னக் கிண்ணத்தில் நாலு அளவில் உருக்கிப் பார்த்தேன். சர்க்கரை கூட்டினால் நுரை அடங்குகிறது. கூட்டட்டுமா?’ கீழே என் கையெழுத்து. அந்த இரண்டு மூட்டையும் உலைக்குத்தான் போயிருக்கின்றன. சில மாதம் தள்ளி: ‘கிடங்கு பூட்டியிருக்கிறது. நுரை வரும்.’ கையெழுத்து, அடியில் ஒரு கோடு வேறு. இரண்டு நாள் தள்ளி இருந்ததை மட்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

“சத்தமா” என்றார் மேலாளர்.

“இன்று உலைக்குள் எருமை விழுந்தது. நுரை அடங்கவில்லை.”

அதற்கும் என் கையெழுத்து.

“படிக்கிறீங்களான்னு பாக்கத்தான் எழுதுனேன்” என்றார் அக்கா. “பொய் எழுதுனது தப்புதான்.”

“இப்ப அந்த எருமை எங்க?” என்றார் மேலாளர்.

“இங்கதான் சார், உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கு” என்றேன்.

அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடிக்கவில்லை. யாருடையது என்பதை மட்டும் திருத்தினேன். அக்கா மறுநாள் உலைக்குத் திரும்பினார். பூட்டைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்றும் தற்காலிகம்தான். அவரை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றும் கையெழுத்தாகித் திரும்பி வந்தன. படித்ததற்கு ஆதாரம் இல்லை. நாலாவதில் எருமையைச் சேர்க்க அக்காவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.