இரண்டு விரற்கடைக் கட்டை

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஊரைப் பார்க்கக் கிளம்பியபோது, விற்றுவிட்டுப் போன மோட்டார் வண்டி அது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. பச்சை நிறம். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வயது ஆகியிருந்தும் ஓட்டத்தில் குதிரைதான். அதை வாங்கியவர் அரியலூருக்குக் கிழக்கே நிலபுலத்தோடு இருந்த ஒரு மனிதர். எனக்குத் தூரத்து உறவு. நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட பெண்ணுக்குப் பெரியப்பா. தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்தவர் என்பதால் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது.

அவர் ஆட்டவில்லை. "காடு கழனி இல்லாம, எண்ணெய்க் கையோட திரியறவனுக்கா எங்க வூட்டுப் பொண்ணு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது பெரம்பலூரில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை இருந்தது. மூக்குக்கு மேல் கோபமும் இருந்தது.

அந்த வருஷமே அவருடைய வண்டியில் இரண்டாவது கியரின் பல் உடைந்தது. திருச்சிக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார். "மொதல்ல இதைச் செய்யட்டும். அப்புறம் மத்ததைப் பேசிக்கலாம்" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. பட்டறைத் தூணைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று வாரம் அந்த கியர்பாக்ஸோடுதான் குடும்பம் நடத்தினேன். வெளியே கொடுத்துப் புதுப் பல்சக்கரம் கடைந்து வாங்கினேன், பேரிங் மாற்றினேன், ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்த்துப் பூட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்து உட்கார்ந்தார். துரையின் கால் நீளத்துக்குச் செய்த வண்டி. இவர் கட்டை குட்டையான மனிதர். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்வார். காலில் மூன்று அடுக்குத் தோல் வைத்துத் தைத்த செருப்பு. அது எதற்காக மூன்று அடுக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. சிறுவாச்சூர் கோயிலில் பூசை போட்டுவிட்டு அப்படியே ஊருக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். கல்யாணத்துக்கு எந்த வேட்டி கட்டலாம் என்கிற அளவுக்கு நான் போய்விட்டேன்.

மறுநாளே ஆள் வந்துவிட்டான். "கோயில் வரைக்கும் நல்லா போச்சாம். திரும்பறப்போ கியரு ஒழுங்கா விழலையாம். கர்ருபுர்ருன்னு கத்துதாம். ஒடனே வரச் சொன்னாங்க."

பஸ்ஸில் போய் இறங்கினேன். அவர் வீட்டு வாசலில் ஒரு சின்னக் கூட்டம். என் முன்னாலேயே வண்டியைக் கிளப்பிக் காட்டினார். அந்தக் கர்ர் சத்தத்தில் என் பல் கூசியது. அதே இடத்தில் நானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கோபக்காரனுக்கு அவ்வளவு நிதானம் ஏது? சக்கரம் கடைந்துகொடுத்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கியர்பாக்ஸை இறக்கினேன். மாட்டுக் கொட்டகையில் சாக்கு விரித்து இரண்டு நாள் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அப்படியே பூட்டினேன்.

இன்ஜினை நிறுத்தி வைத்துக் கியரைத் தள்ளினால், வெண்ணெயில் விரல் போவது போலப் போனது. இன்ஜினைப் போட்டு நான் தெருக்கோடி வரை ஓட்டினேன். ஒரு முனகல் இல்லை. "பாத்தீங்களா மாமா?" என்றேன், சற்று அதிகப்பிரசங்கித்தனமாகவே. அவர் ஏறினார். கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினார். கர்ர்ர்.

கூட்டம் என்னைப் பார்த்தது. ஜன்னல் பக்கம் ஒரு வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். இன்னொரு தடவை ஓட்டுங்க மாமா" என்றேன். இந்தத் தடவை காதை விட்டுவிட்டுக் கண்ணை வைத்தேன். அவருடைய இடது கால் வெறுங்காலாக இருந்தது. கட்டைவிரலை நீட்டி, எட்டி மிதித்தும், பெடல் தரையைத் தொட இரண்டு விரற்கடை பாக்கி இருந்தது. கிளட்ச் முழுசாக விடாமல் கியர் எப்படி விழும்?

"மாமா, செருப்பு?"

"பூசை போட்ட வண்டியில செருப்புக் காலோட ஏறுவாங்களாடா? கோயில்லயே வேண்டிக்கிட்டேன். இனிமே இதுல வெறுங்காலுதான்."

வாசல்படி ஓரத்தில் அந்த மூன்றடுக்குச் செருப்பு சமத்தாக உட்கார்ந்திருந்தது. நுனி நாக்கு வரை வந்துவிட்டது: "குத்தம் என் கியர்பாக்ஸ்ல இல்லீங்க, உங்க காலு எட்டல." சொல்லியிருந்தால் என் மானம் அந்த நிமிஷமே திரும்பி வந்திருக்கும். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தும் இருப்பார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். புது பொம்மை வண்டி உடைந்துபோன குழந்தையின் முகம். எனக்கே ஆச்சரியமாக, கோபம் வரவில்லை.

"பெடல் தேஞ்சிருக்குங்க மாமா. நான்தான் கவனிக்கல" என்றேன்.

கொட்டகையில் கிடந்த கருவேலந் துண்டை இரண்டு விரற்கடை கனத்துக்குச் செதுக்கி, பழைய டயர் ரப்பரைச் சுற்றி, பெடலின் மேல் முடுக்கினேன். அவர் மிதித்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கி, குனிந்து, கட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"தேஞ்சுதான் போச்சா?"

"தேஞ்சுதான் போச்சுங்க."

நேரே வீட்டுக்குள் போனார். அடுத்த மாதமே நிச்சயம் செய்தார்கள். என் கைவேலை ஜெயித்துவிட்டது என்று பெரம்பலூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குக் கிளம்பும்போது, வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். என் காலோ நீளம். கட்டையை மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கழற்றுவது? குன்னம் தாண்டும் வரை இடித்துக்கொண்டே ஓட்டினேன்.

அங்கேதான் என் மனைவி சொன்னாள். "அன்னிக்கு நீங்க கட்டை வச்சதும் பெரியப்பா உள்ள வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'கியர்பாக்ஸ் வேலை பரவால்ல. ஆனா பய அத்தனை பேரு முன்னாடி என் காலைப் பத்தி வாயத் தொறக்கல. இவனுக்குத் தாராளமாப் பொண்ணு கொடுக்கலாம்'னாரு."

வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அதைவிடச் சந்தோஷமான ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. ஆனாலும் இரண்டு தடவை பிரித்துப் பூட்டிய கியர்பாக்ஸுக்கு வெறும் 'பரவால்ல'தானா என்று அவர் மேல் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.