மேன் முதல் ஆக்ஸ் வரை

சிம்மக்கல்லில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள் வசுந்தரா. பக்கத்து அறையில் கணக்கு எடுப்பவள் நான். நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பதினோரு வருஷமாக அவள் பாடம் என் காதில் விழுகிறது. வீட்டில் சௌராஷ்டிரா பேச்சு, படித்தது தமிழ் மீடியம்; ஆங்கிலம் என்றால் அவளுக்கு இன்னும் பயம்தான்.

ஒருமை பன்மைப் பாடத்தை ராகம் போட்டே நடத்துவாள். புக்குக்கு ஒரு எஸ், பஸ்ஸுக்கு ஒரு இ-எஸ் என்பதெல்லாம் சுலபமாகப் போய்விடும். எஸ் சேராத முரட்டுச் சொற்கள்தான் அவளைப் படுத்தும். அதனால் அவற்றை ஒரே வரிசையாகக் கோத்து வைத்திருந்தாள்: "மேன் மென், ஃபுட் ஃபீட், டூத் டீத், கூஸ் கீஸ், மவுஸ் மைஸ், சைல்ட் சில்ட்ரன், ஆக்ஸ் ஆக்ஸன்." நாற்பது பிள்ளைகளும் கத்தினால் என் வகுப்பில் கணக்கு நின்றுவிடும். "உன் மாட்டைக் கொஞ்சம் கட்டிப் போடு வசு" என்று கேலி செய்வேன்.

புது ஹெட்மாஸ்டர் வெங்கட்ரமணன் வந்ததும் சிரிப்பு நின்றது. வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து பார்த்தார். பிடிக்காத இரண்டு டீச்சர்களை ஜூனில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒருநாள் அவர் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும் என் பாடத்தை நிறுத்தினேன். தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

அவர் நேரே ஸ்ரீஜா என்ற பிள்ளையைக் காட்டி, "ஆக்ஸுக்குப் பன்மை என்னம்மா?" என்றார்.

அவளுக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் 'மேன் மென்' என்று முதலிலிருந்து புறப்பட்டது. மவுஸ் வருவதற்குள் அவர் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க."

வசுந்தராவின் முகம் வெளுத்தது. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. அவள் உதடும் 'மேன் மென்' என்றுதான் அசைந்தது. டீச்சர் பாடத்தைத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து நாற்பது பிள்ளைகளும் கூடவே கத்தினார்கள். ஆக்ஸன் வந்து நின்றபோது அவள் கண்ணில் தண்ணீர்.

"பயந்தா எல்லாம் மறந்துருது சார். மொதல்ல இருந்து வந்தாத்தான் வரும்."

"உங்களுக்குப் பயம், சரி. குழந்தைங்க எதுக்குப் பயப்படணும்?" என்றார் அவர். வாசலில் திரும்பி, "ஜூன்லயும் நீங்களே எடுங்க. ஆனா நடுவுல இருந்து கேட்டுப் பழக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை தப்பியது. ஆனாலும் மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"அம்புட்டுப் பயத்தையும் நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேனாக்கா?" என்று கேட்டாள்.

மணி அடித்ததும் என் வகுப்புக்குப் போனேன். "ஏழு பதிமூணு எம்புட்டு?" என்று ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்டேன். அதன் உதடு, 'ஓர் பதிமூணு பதிமூணு' என்று தொடங்கியது.