அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

1. படம் சரி, பேர் பிழை

அச்சகத்தில் வேலை செய்கிறவளுக்குப் பேயைவிடப் பெரிய பயம் எழுத்துப்பிழை. அதுவும் செத்தவீட்டு வேலையில் பிழை விட்டால் மன்னிப்பே கிடையாது. கண்ணீர் அஞ்சலிப் பனரில் கனடா மருமகனின் பெயர் விடுபட்டால் இரண்டு குடும்பங்கள் ஆயுளுக்கும் முகம் பார்க்கா. பழி முழுக்க டிசைன் செய்த என் தலையில்தான் விழும்.

ஆகவே ஒருநாள் காலையில், ஒரு காலை இழுத்தபடி நடந்துவந்த ஒரு மனிதர் கொக்குவிலிலுள்ள எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்து, "கோப்பாய்ச் சந்தியிலை கட்டியிருக்கிற பனர் நீங்கள் அடிச்சதோ?" என்று கேட்டதும் எந்த எழுத்தை விட்டேனோ என்று பதறினேன். பனரின் அடியில் அச்சகத்தின் பெயரைச் சிறிதாகப் போடுவோம். அது விளம்பரம் என்பார் முதலாளி. ஏச்சு வாங்கும் முகவரி என்பேன் நான்.

"ஓம். ஏன், என்ன பிழை?"

"படம் சரி, பிள்ளை. பேர் பிழை."

கொம்பியூட்டரில் தேடி எடுத்தேன். சின்னத்துரை யோகநாதன், கோப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்தவர். "பாருங்கோ, அவரின்ரை மகளே எழுதித் தந்த பேர்" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"யோகநாதனோ? உவர் எங்கடை வாணன் அண்ணையெல்லோ!"

சொல்லிவிட்டுக் கேளாமலே கதிரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் பருத்தித்துறைக்காரர், கடல் தொழில். பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகும் வழியில் படத்தைக் கண்டு இறங்கியிருக்கிறார்.

"இந்தக் கால் இண்டைக்கும் என்னோடை இருக்கெண்டால் அவராலைதான், பிள்ளை. காயம் பழுதாகி எல்லாரும் கழட்டச் சொன்னவை. அவர்தான் ரெண்டு நாள் பொறுங்கோ, நான் பாக்கிறன் எண்டவர். இயக்கத்திலை காயக்காரருக்கு மருந்து கட்டினவர். அங்கை அவருக்கு வாணன் எண்டுதான் பேர் வைச்சவை."

இயக்கம் என்றால் இங்கே போராளிகள்தான்; அந்தச் சொல் காதில் விழுந்ததும் முதலாளி உள்ளேயிருந்து வந்துவிட்டார். "நீங்கள் ஆளை மாறிப் பாத்திட்டியள் போலை, தம்பி" என்று தன்மையாகப் பேசி அனுப்பப் பார்த்தார். அந்த மனிதர் வாதாடவில்லை. தன் தொலைபேசி இலக்கத்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"எங்களுக்கேன் உந்த வில்லங்கம்? தந்ததை அடி. தராததைக் கேளாதை" என்றார் முதலாளி. அந்த ஒரு விதியை வைத்துத்தான் அவர் போர்க்காலம் முழுவதும் அச்சகம் நடத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2. கல்வெட்டில் ஓர் ஓட்டை

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம். அதில் தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி எல்லாம் இருக்கும். யோகநாதனின் கல்வெட்டைச் செய்விக்க அவருடைய ஒரே மகள் தர்சிகா வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அப்பாவின்ரை வரலாறு அரைப் பக்கமும் வரேல்லை. கலியாணத்துக்கு முந்தி ஏழெட்டு வருசம் ஒண்டும் தெரியாது. அம்மாவைக் கேட்டால் வவுனியாவிலை கடையிலை நிண்டவர் எண்டுறா. எந்தக் கடையெண்டு கேட்டால் கோவம் வருது."

"கடையிலை நிண்டிருப்பார்தானே" என்றேன், முதலாளியின் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு.

"மண்வெட்டி வெட்டின காயமெண்டால் ஊரே அப்பாட்டைத்தான் வரும். ஆஸ்பத்திரியிலை கட்டினமாதிரிக் கட்டிவிடுவார். கடையிலை நிண்ட மனிசன் உதை எங்கை பழகினவர்? அக்கா, என்ரை அப்பா ஆரெண்டு தெரியாமலே கொள்ளி வைக்க விட்டிட்டன்."

அவள் அழுதிருந்தால் நான் தேற்றிவிட்டிருப்பேன். அழாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, பருத்தித்துறைக்காரர் வந்த கதையைச் சொல்லி இலக்கத்தையும் கொடுத்துவிட்டேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

அடுத்த முறை வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. அந்த மனிதர் அவளை வேறு மூன்று பேரிடம் கூட்டிப்போயிருக்கிறார்.

"ஒருத்தருக்கும் யோகநாதனைத் தெரியாது, அக்கா. வாணன் எண்டவுடனை எழும்பி நிண்டிட்டினம். விறைக்கிற ஊசி இல்லாமல் தையல் போடேக்கை, காயக்காரர் கத்தாமல் இருக்கிறதுக்குத் தேவாரம் பாடுவாராம். வீட்டிலை அப்பா பாடி நான் கேட்டதே இல்லை." பிறகு, "இதெல்லாத்தையும் வரலாற்றிலை போடுங்கோ" என்றாள். போட்டேன். முதலாளியின் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

3. புரூஃப் பார்க்க வந்த தாய்

புரூஃப் பார்க்க தர்சிகாவுடன் அவளுடைய தாய் இராசமலரும் வந்தார். நிதானமான மனுசி. வரலாற்றுப் பக்கத்தை ஒருமுறைதான் வாசித்தார்.

"உதை எடுங்கோ, பிள்ளை."

"அம்மா, அது உண்மைதானே?" என்றாள் மகள்.

"உண்மையெண்டபடியால்தான் எடுக்கச் சொல்லுறன். அச்சடிச்சால் ஊரெல்லாம் போகும். நாளைக்கு ஆரும் விசாரணையெண்டு படலையிலை வந்து நிண்டு கேள்வி கேட்டால் நீதானே பதில் சொல்லவேணும்? நீ நிம்மதியாய் இருக்கவேணும் எண்டுதான் அந்த மனிசன் சாகும்வரைக்கும் வாய் திறக்கேல்லை."

"அவரைத் தேடுற மற்ற ஆக்களுக்கு அவர் செத்ததே தெரியாதம்மா. யோகநாதன் எண்டு எத்தினை பனர் கட்டினாலும் தெரியவராது."

இரண்டு பேரும் சொன்னது சரி. அப்போதுதான் நாளாந்தம் நான் அடிக்கிற ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் அறிவித்தல்களில் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அழைக்கும் பெயரைப் போடுவோம். ராசு, கிளி, சோடா மாமா என்று என்னென்னவோ வரும். ஏன் அந்தப் பெயர் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"அம்மா, வரலாற்றிலை ஒண்டும் வேண்டாம். பேருக்குக் கீழை அடைப்புக்குறிக்குள்ளை ஒரு சொல்லு மட்டும் போடுவம். தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும். மற்ற ஆக்கள் செல்லப் பேரெண்டு நினைப்பினம்" என்று சொல்லி அடித்தும் காட்டினேன்.

சின்னத்துரை யோகநாதன்
(வாணன்)

இராசமலர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நான் முதன்முதல் அவரை உந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டனான்."

தர்சிகா திரும்பினாள். "புறோக்கர் பேசின கலியாணம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"புறோக்கர் எங்கையடி வந்தவர்? எனக்குத் தோளிலை காயம். மருந்து கட்ட வந்தவர்தான் உன்ரை அப்பா."

வேலையை அவசரப்படுத்த வந்த முதலாளிகூட வாசலோடு திரும்பிப் போனார். தாய் மகளின் கையைப் பிடித்தார்.

"எனக்கும் ஒருநாள் கல்வெட்டு அடிக்கத்தானே வேணும். அண்டைக்கு அடைப்புக்குறிக்குள்ளை எழில் எண்டு போடு, அதுதான் எனக்கு அங்கை வைச்ச பேர். நீயும் இப்பிடி ஊரூராய்த் தேடித் திரியாதை. என்னட்டைக் கேள், சொல்லுறன்."

தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் நின்று நன்றாக அழுதேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று கல்வெட்டுக் கட்டுகளுடன் நானும் போனேன். பந்தியில் பருத்தித்துறைக்காரரும் அவர் கூட்டிவந்த இன்னும் பலரும் இருந்தார்கள். "ஆர் உவை?" என்று ஒரு சொந்தக்காரி கேட்டாள். "அப்பாவோடை வேலை செய்த ஆக்கள்" என்று சொல்லி தர்சிகா அவர்களுக்குச் சோறு போட்டாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலாளியின் விதியைக் கொஞ்சம் மீறுங்கள். பெயரையும் படத்தையும் வாங்கிய பிறகு, "வேறை என்னண்டு கூப்பிடுறவை?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ராசு, கிளி என்று உடனே சொல்வார்கள். சிலர் பேசாமல் இருப்பார்கள். அப்போது அவசரப்படுத்தாதீர்கள். அடைப்புக்குறியை மட்டும் போட்டு வைத்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போங்கள்.