தறி நின்ற வரிகள்

அந்தப் பயிற்சிக் கோப்பு முழுக்கப் பழங்களின் பெயர்கள். ஆப்பிள், மாம்பழம், வாழை, திராட்சை, மறுபடி ஆப்பிள். இதில் ஆப்பிள் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி எடுங்கள் என்றான் வீடியோவில் பாடம் நடத்தியவன். எடுத்தேன். இரண்டு வரிகள் வந்தன. குழந்தை கூட விரல் வைத்துக் காட்டிவிடுகிற இரண்டு ஆப்பிளைப் பிடிக்க ஒரு கட்டளை, அதற்கு ஒரு வகுப்பு, அதற்குக் கட்டணம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் படித்தேன். படிக்காமல் வழியில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் நான். மகள் பிறந்ததும் விட்டேன். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி வேலை தேடினால், போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: ஷெல் ஸ்கிரிப்டிங் தெரியுமா? இத்தனை வருஷம் வீட்டில் என்ன பண்ணினீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டான் ஒருத்தன். சும்மா மல்லாந்து படுத்திருந்தேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கணவர் காலை ரயிலில் கிளம்பிப் போனதும், திருத்தணி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வாடகை வீட்டில், சமையல் மேடையை ஒதுக்கி லேப்டாப்பை வைப்பேன். கருப்புத் திரையில் கட்டளை எழுதி வேலை வாங்குவதுதான் ஷெல். அதில் கிரெப் என்று ஒரு வடிகட்டி உண்டு. நாம் எழுதிக்கொடுக்கிற அச்சுக்குப் பொருந்துகிற வரிகளை மட்டும் காட்டும், மற்றதை விட்டுவிடும். கஷ்டமெல்லாம் அந்த அச்சை எழுதுவதில்தான். புள்ளி வைத்தால் எந்த எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம். நட்சத்திரம் வைத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். ஒரு சாய்கோட்டை மறந்தால் போதும், கோப்பு முழுவதையும் கொண்டு வந்து கொட்டும். தப்பு எங்கே என்று சொல்லவும் சொல்லாது. எத்தனை நாள் அடுப்பில் குழம்பு தீய்ந்திருக்கிறது இதனால்!

அப்படி ஒரு நாள்தான் பாவா போன் பண்ணினார். என் அக்காவின் கணவர். அம்மையார்குப்பத்தில் நாலு விசைத்தறி ஓட்டுகிறார். நூல் கம்பெனியுடையது, தறியும் உழைப்பும் இவர்களுடையது. அந்தக் கம்பெனிக்காரர்கள் ஊரில் எல்லாத் தறியிலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று அது சதா குறித்துக்கொண்டே இருக்கும்.

"எம்மா, என் தறி சரியா ஓடலியாம். சொல்லாம கொள்ளாம நிறுத்திடறேனாம். இப்டியே போச்சுன்னா அடுத்த மாசத்துலேர்ந்து நூல் கெடையாதுன்றான் அந்த சூப்பர்வைசரு" என்றார். "நான் எப்போமா நிறுத்தினேன்? கரண்ட்டு போனா நிக்கும். இழை அறுந்தா நிக்கும். நானா நிறுத்தினதே இல்ல. மலை மேல கீற சாமி மேல சத்தியம். அவன்கிட்டயும் அதையேதான் சொன்னேன். பெட்டி பொய் சொல்லுமான்னு கேக்கறான்."

நூல் நின்றால் நாலு தறியும் வெறும் இரும்பு. பெட்டி எழுதியதை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி எனக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். வந்தது. ஒவ்வொரு வரியிலும் தறி நம்பர், தேதி, மணி, ஓடியதா நின்றதா. அப்படி ஆயிரக்கணக்கில் வரிகள். பழக்கூடையோடு மாரடித்துக்கொண்டிருந்தவளுக்கு உண்மையான கோப்பு கிடைத்தது. வாடா மகனே, பெட்டி சொல்வது பொய்யா நிஜமா என்று பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நின்ற வரிகளை மட்டும் வடிகட்டினேன். திரை நிறைந்து வழிந்தது. தறிக்குள் ஓடுகிற நாடாவில் ஊடைநூல் சுற்றிய தார் இருக்கும். அது தீர்ந்தால் தறி நிற்கும், வேறு தார் மாட்ட வேண்டும். அதையெல்லாம் பெட்டி ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தது. மூத்திரம் போக எழுந்ததைக்கூட எழுதும் போலிருக்கிறது, பாவி. அதனால் வேறு வழி பிடித்தேன். ஓடிய வரிகளிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரே தேதி பல தடவை வருவதை ஒன்றாக்கினேன். கிரெப்போடு ஒரு சின்ன 'வி' சேர்த்தால் பொருந்தாததை மட்டும் காட்டும். அதை வைத்து, எல்லாத் தேதிகளிலிருந்தும் ஓடிய தேதிகளைக் கழித்தேன். எதுவும் மிஞ்சாது என்று நம்பித்தான் கழித்தேன்.

மிஞ்சியது. மாதத்துக்கு ஒரு தேதி. அன்றைக்கு முழுக்க நாலு தறியும் அசையவே இல்லை.

மின்வாரியம் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துமே, அதுவாக இருக்கும் என்று பார்த்தேன். அது சாயந்திரம் வந்துவிடும், இங்கே நாள் பூராவும் நின்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையா என்று அச்சு எழுதிப் பார்த்தேன். இல்லை. மாசக் கடைசியா? இல்லை. ஒரு மாதம் பத்தொன்பது, அடுத்த மாதம் பதினெட்டு என்று தேதி நழுவிக்கொண்டே போனது. எரிச்சலில் பாவாவைக் கூப்பிட்டேன்.

"பாவா, மாசத்துல ஒரு நாள் தறி முழுசா நிக்குதுங்க. உண்மையச் சொல்லுங்க."

"அபாண்டமா பேசாதமா! நீயும் அவனாட்டமே கேக்கறியே" என்று அவர் போனை வைத்துவிட்டார். சாமி மேல் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்கிறாரே மனிதர் என்று எனக்குக் கோபம். இவருக்காகக் குழம்பைக் கருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று என் மேலும் கோபம்.

சில நாள் கழித்து அக்கா வந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து வருவாள். மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு, என் வீட்டில் சாப்பிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே வெறுந்தரையில் படுத்துத் தூங்குவாள். அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம். மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து அவள் தார் சுற்றுகிறாள். நாலு தறிக்கும் அவள் ஒருத்தி. நடுவில் சோறாக்கி, துணி துவைத்து, மறுபடி தார்.

அன்றைக்கு எழுந்து கூந்தலை முடிந்துகொண்டே என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, வெறும் தேதியா கீது?"

"உன் வூட்டுக்காரரு தறியை நிறுத்திட்டு எங்கியோ ஊர் மேஞ்ச தேதிங்க" என்றேன்.

அவள் குனிந்து ஒரு தேதியில் விரல் வைத்தாள். "இது உன் பொண்ணுக்குக் காது குத்தி புண்ணாயிருந்துச்சே, நான் வந்து மஞ்ச வெச்சனே, அன்னிக்கி." இன்னொன்றில் வைத்தாள். "இது மலையில மழ பெஞ்சி நான் தொப்பலா நனைஞ்சிகினு வந்த நாளு. எல்லாம் நான் இங்க வந்த நாளுங்கடி. அமாவாசைக்குத்தானே நான் வருவேன்?"

அடக் கடவுளே! காலையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் நான். அதே அம்மையார்குப்பத்தில் நெசவு செய்கிற வீட்டில் பிறந்தவள். அமாவாசையன்று எங்கள் ஊரில் ஒரு தறியும் ஓடாது என்பது எனக்குத் தெரியாதா? விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கிலீஷ் காலண்டரில் போய்த் துழாவிக்கொண்டிருந்திருக்கிறேன். உடனே பாவாவைக் கூப்பிட்டேன்.

"அமாவாசைக்கு நிறுத்தறீங்கல்ல? அதை ஏன் சொல்லல?"

"அமாவாசையா?" அவர் நிஜமாகவே திகைத்தார். "அது நிறுத்தறதுல எப்டிமா சேரும்? அன்னிக்கி தறியே கெடையாதே. அத போய் யாராவது நிறுத்தினேன்னு சொல்லுவாங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. சாமி மேல் சத்தியம் பண்ணும்போது மனசாரத்தான் பண்ணியிருக்கிறார். எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா பஸ் ஏறியதும் உட்கார்ந்தேன். தறி முழுசாக நின்ற தேதிகள் ஒரு பக்கம், அமாவாசைத் தேதிகள் ஒரு பக்கம், ஒன்றுக்கொன்று பொருந்துகிறது என்று காட்டினேன். மற்ற நாளெல்லாம், கரண்ட் போன நேரம் தவிர, இந்த நாலு தறியும் தார் மாற்றவும் அறுந்த இழையை முடியவும் ஆகிற நேரத்துக்கு மேல் நின்றதில்லை என்பதையும் எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷில் மரியாதையாக ஒரு விளக்கம் எழுதி, பாவா பேரில் கம்பெனிக்கு அனுப்பினேன். பழம் பொறுக்கக் கற்றது வீண் போகவில்லை என்று அன்றைக்கு மகளுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் மறுநாளே பாவாவுக்குப் போன் பண்ணினானாம். ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க, எங்களுக்கே காரணம் புரியாமல்தான் இருந்தது என்றானாம். ஊரில் எல்லாத் தறிக்கும் இதே கதைதான், இப்போது தெளிவாகிவிட்டது என்றானாம். அந்த ஒரு நாளும் ஓட்டிவிடுங்கள், அப்புறம் பிரச்சினையே இல்லை என்றானாம். சாயந்திரத்துக்குள் ஊரில் தறி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் மெசேஜ் போய்விட்டது. அமாவாசையும் வேலை நாள். ஓடாத தறிக்கு நூல் கிடையாது.

நான் நியாயம் கேட்டு அனுப்பினால், அவன் அதைப் படித்துவிட்டு எங்கே கை வைப்பது என்று தெரிந்துகொண்டான். நானேதான் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். முடியாது என்று சொல்லுங்கள் பாவா, ஊரே சேர்ந்து சொல்லுங்கள் என்று போனில் கத்தினேன். "சொல்லிட்டு? நூலுக்கு எங்க போறது? நீ தர்றியா?" என்றார். கண்டபடி திட்டி அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். நூல் நின்றால் வாங்கிக் கட்டிக்கொள்வது நானில்லையே.

அடுத்த அமாவாசைக்கு அக்கா வரவில்லை. மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு நானே பஸ் ஏறினேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து அமாவாசையன்று அந்தத் தெருவில் நான் கேட்காத சத்தம். உள்ளே பாவா தறிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் அக்கா தார் மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன. என்னைப் பார்த்தாள், சிரித்தாள், கையை நிறுத்தவில்லை.

"அக்கா, உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சித்தான்..."

"தெரியும்டி. அத வுடு. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதுதுன்னு சொன்னியே. தறி நம்பரு கீது, நின்னது கீது, ஓடினது கீது. இவ்ளோ தாரு சுத்தறனே, நான் அதுல எங்கனா கீறனா?"

எத்தனை நாள் அந்தக் கோப்பை வடிகட்டியிருக்கிறேன், வெட்டியிருக்கிறேன், கழித்திருக்கிறேன். தலைகீழாகப் படித்திருக்கிறேன். இவள் அதில் இல்லை. இவளுக்கென்று அதில் ஒரு கட்டமே இல்லை. இத்தனை நாள் அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

"இல்லக்கா. நீ அதுல எங்கயும் இல்ல" என்றேன். "ஏந்திரி."

"இன்னாடி?"

"ஏந்திரின்றேன். நீ இருந்தாலும் அதுக்குத் தெரியாது, இல்லன்னாலும் தெரியாது. போய்ப் படு."

அவள் மறுத்தாள். தோளைப் பிடித்து எழுப்பி, உள்ளறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூட லீவில் சுற்றிப் பழகிய கைதான், விட்டுப்போயிருந்தது. முதல் தார் தளர்ந்து வழிந்தது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன். நூல் விரலை அறுத்தது. அந்த சூப்பர்வைசரையும் அவன் பெட்டியையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சுற்றினேன். தறிச் சத்தத்தில் எவனுக்குக் கேட்கப்போகிறது?

தார் எடுக்க வந்த பாவா வாசலிலேயே நின்றுவிட்டார். "அவ எங்க?"

"தூங்குது. எழுப்பாதீங்க."

அவர் என் கையைப் பார்த்தார், சாத்தின கதவைப் பார்த்தார். கூடையிலிருந்து தார்களை அள்ளிக்கொண்டு திரும்பியவர், தயங்கிக் கேட்டார். "அடுத்த அமாவாசைக்கும் வந்துடறியாமா?"

"அடுத்த அமாவாசைக்கு இங்க நீங்க உக்காருங்க" என்றேன்.